பக்கத்து வீட்டு எழுத்து நேராக வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வாசகர் பகுதியில் வந்த ஒரு கடிதத்துக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். ஞாயிறு இதழில் நீங்கள் வெளியிட்ட சீனச் சிறுகதையின் தமிழாக்கத்தை அந்த வாசகர் குறை கூறியிருந்தார். இருக்கிற பக்கமே கொஞ்சம், நம் பிள்ளைகள் எழுதுவதற்கே இடம் போதவில்லை, சீனர் இலக்கியத்தைச் சீனர் பார்த்துக்கொள்ளட்டும், வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் படித்துக்கொள்ளலாமே என்பது அவர் வாதம். இடம் பற்றிய அவருடைய ஆதங்கம் எனக்கும் உண்டு. மற்ற இரண்டையும் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

நான் சிங்கப்பூர் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒரு வழக்கில் சாட்சி தமிழர் என்று வையுங்கள். அவர் தமிழில் சொல்வார், நான் ஆங்கிலத்தில் சொல்வேன். குற்றம் சாட்டப்பட்டவர் ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழி மட்டுமே தெரிந்த முதியவராக இருந்தால், என் ஆங்கிலத்தைக் கேட்டு இன்னொரு மொழிபெயர்ப்பாளர் அவருக்கு ஹொக்கியனில் சொல்வார். சட்டத்துக்கு அது போதும், பொருளும் சரியாகப் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் சாட்சி எந்த இடத்தில் தயங்கினார், எந்த இடத்தில் குரல் கம்மியது, எதைச் சொல்ல வந்து விழுங்கினார் என்பதெல்லாம் என் பக்கத்திலேயே நின்றுவிடும். சாட்சியும் அந்த முதியவரும் ஒரே புளோக்கில் பல வருடம் குடியிருந்தவர்களாக இருப்பார்கள். ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கியவர்கள், கோர்ட்டில் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டுதான் பேசவேண்டியிருந்தது.

நம் ஊரில் தமிழரும் சீனரும் ஒருவர் எழுத்தை ஒருவர் படிப்பதும் இப்படித்தான். படித்தால் ஆங்கிலத்தில். அதுவும் படிப்பவர் கொஞ்சம் பேர்.

ஆங்கிலத்தில் படித்துக்கொள்ளலாம் என்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு சீன நூல் ஆங்கிலத்துக்கு வரவேண்டுமென்றால் லண்டனிலோ நியூயார்க்கிலோ அதற்கு வாசகர் இருக்கவேண்டும். எதைக் கொண்டுவருவது, எதை விளக்குவது என்பதெல்லாம் அந்த வாசகரை வைத்து முடிவாகும். லின் யூதாங் பெரிய சீன எழுத்தாளர், அதில் சந்தேகமே இல்லை. ஃபூஜியனில் ஒரு பாதிரியார் வீட்டில் 1895இல் பிறந்தவர், ஹார்வர்டிலும் லைப்சிக்கிலும் படித்தவர். 1935இல் ஆங்கிலத்தில் அவர் எழுதிய 'என் நாடும் என் மக்களும்' அமெரிக்காவில் பரபரப்பாக விற்றது. அழகான புத்தகம்தான். ஆனால் அமெரிக்கருக்காக எழுதியது. ஏழாம் மாதம் சீனர்கள் செத்தவர்களுக்குப் படையல் வைத்துத் தாள் எரிப்பதை அமெரிக்க வாசகருக்குப் பக்கம் பக்கமாக விளக்கவேண்டும். ஆடி அமாவாசைக்கு விரதம் இருக்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு அரை வரி போதும். அந்த அரை வரியை எழுத ஆங்கிலத்தில் யாருக்கும் அவசியம் வராது. தமிழில் எழுதுபவருக்குத்தான் வரும்.

அடுத்து, சீனர் இலக்கியத்தைச் சீனர் பார்த்துக்கொள்ளட்டும் என்பது. நவீன சீனத்தின் நல்ல மூளைகள் இப்படி நினைத்திருந்தால் இன்று நாம் மெச்சும் சீன இலக்கியமே இருந்திருக்காது. லின் யூதாங் இளமையில் பத்தி எழுதிய 'சைனா கிரிட்டிக்' என்ற ஆங்கில வார இதழை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் படித்துத் திரும்பிய சீனர்கள் 1928இல் ஷாங்ஹாயில் தொடங்கியது. ஊரின் நல்ல பகுதிகள் அப்போது அந்நியர் ஆட்சியில் இருந்தன. நதிக்கரைப் பொதுப் பூங்காவில் சீனர்கள் நுழைய அனுமதி கிடைத்ததே அந்த 1928இல்தான். அப்படிப்பட்ட ஊரில், சொந்த மண்ணில் அவமானப்பட்ட அவர்கள், எல்லா நாட்டவரும் சமமாக உட்கார்ந்து பேச ஒரு தாராளவாத உலகக் குடிமக்கள் சங்கம் தொடங்குவோம் என்று 1930இல் யோசனை வைத்தார்கள். கதவைச் சாத்திக்கொள்ள அவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர்கள் சாத்தவில்லை.

ஹு ஷி செய்தது எனக்கு இதைவிடவும் பெரிதாகப் படுகிறது. 1891இல் பிறந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது பல நாட்டு மாணவர்கள் சேர்ந்து நடத்திய உலகக் குடிமக்கள் மன்றத்தில் தீவிரமாக இருந்தார். பிறகு கொலம்பியாவில் ஜான் டூயியிடம் தத்துவம் படித்துவிட்டு 1917இல் பெய்ஜிங் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பேச்சு வழக்கில் எழுதவேண்டும் என்று சீன எழுத்தையே திருப்பிப் போட்டவர்களில் முதல் வரிசைக்காரர். இந்தியாவிலிருந்து வந்த பௌத்தம் சீனாவுக்கு நல்லதைவிடக் கெட்டதே அதிகம் செய்தது என்பது அவர் கருத்து. பின்னாளில் ஹார்வர்டில் போய் அதையே உரையாகவும் நிகழ்த்தினார். அதாவது நம் பக்கத்துச் சரக்கு அவருக்குப் பிடிக்காது.

1924இல் தாகூர் சீனா போனார். இடதுசாரி இளைஞர்கள் அவரை எதிர்த்தார்கள். பழைய கிழக்கத்திய ஆன்மிகம் பேசி எங்கள் இளைஞர்களைத் தூங்கவைக்க வந்திருக்கிறார் என்று பெய்ஜிங் கூட்டத்தில் துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். அந்த இளைஞர்களைக் கண்டித்தவர் ஹு ஷி. தாகூர் சொல்வதில் பாதிக்கு மேல் அவருக்கு உடன்பாடு இருந்திருக்காது. இருந்தும் விருந்தாளியைப் பேசவிடவேண்டும், கேட்கவேண்டும், அப்புறம் மறுக்கவேண்டும் என்பதில் பிடிவாதமாக நின்றார். மே மாதம் பெய்ஜிங்கில் தாகூருக்குப் பிறந்தநாள் விழா எடுத்தபோது தலைமை தாங்கியவரும் ஹு ஷிதான். அந்த விழாவில் தாகூரின் 'சித்ரா' நாடகத்தை ஆங்கிலத்தில் நடித்தார்கள். சித்ராவாக லின் ஹுவெய்யின் என்ற இளம்பெண், மன்மதனாகக் கவிஞர் சூ ஜிமோ. பயணம் முழுக்கத் தாகூருக்கு மொழிபெயர்த்தவரும் சூ ஜிமோதான். சீர்திருத்தச் சிந்தனையாளர் லியாங் சிசாவ் தாகூருக்கு ஒரு சீனப் பெயரே சூட்டினார். பிடிக்காத சிந்தனைக்கும் மேடை போட்டுக் கொடுத்த அந்த மனசைத்தான் நான் தாராளம் என்று நினைக்கிறேன். ஒரு சீனக் கதையைத் தமிழில் போட நாம் அதை ஒப்புக்கொண்டிருக்கவேண்டும் என்பதில்லை.

இதெல்லாம் ஷாங்ஹாய், பெய்ஜிங் கதை, நமக்கென்ன என்று அந்த வாசகர் கேட்கலாம். லிட்டில் இந்தியாவில் ஏறி பொங்கோல் பக்கம் போகும் ரயிலில் ஃபேரர் பார்க்கைத் தாண்டினால் அடுத்த நிலையம் பூன் கெங். தினமும் எத்தனை தமிழர் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு போகிறோம்! லிம் பூன் கெங் 1869இல் இதே சிங்கப்பூரில் பிறந்தவர். குவீன்ஸ் உபகாரச் சம்பளம் பெற்று எடின்பரோவில் மருத்துவம் படிக்கப் போனார். சீனராகப் பிறந்தும் சீனம் படிக்கத் தெரியாததால் அங்கே கூனிக்குறுக நேர்ந்தது. வளர்ந்த பிறகு உட்கார்ந்து படித்தார். 1921 முதல் 1937 வரை சியாமென் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய சீனக் கவிஞர் சூ யுவானின் 'லி சாவ்' என்ற நெடும்பாட்டை ஆங்கிலத்தில் பெயர்த்து 1929இல் வெளியிட்டார். அதற்கு முன்னுரை எழுதியவர்களில் தாகூரும் ஒருவர். சீனப் பாட்டு, சிங்கப்பூர் மருத்துவர், வங்கக் கவியின் முன்னுரை, அச்சானது ஷாங்ஹாயில். நம் வீட்டுப் பிள்ளைகளில் தமிழ் படிக்கத் தடுமாறுபவர்களுக்கு நான் லிம் பூன் கெங்கைத்தான் சொல்கிறேன்.

தாகூர் 1927இல் சிங்கப்பூர் வந்தபோது இங்கே அவரைச் சந்தித்த ஓர் இளம் சீன ஆசிரியர் டான் யுன்ஷான். தாகூர் கூப்பிட்டார், மறுவருடம் அவர் சாந்திநிகேதன் போய்விட்டார். 1937இல் அங்கே சீன பவனம் என்ற சீனக் கல்விக்கூடம் திறந்ததற்கு அவர் உழைப்புதான் பெரிய காரணம். அந்தச் சந்திப்பு நடந்தது நம் ஊரில். இதைச் சொல்லித்தர எனக்குப் பள்ளியில் யாரும் இருக்கவில்லை. என் பேத்திக்காவது தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

ஆனாலும் இவர்கள் எல்லாரையும்விட என் மனசுக்குள் உட்கார்ந்திருப்பவர் யூ தாஃபூ. ஜப்பானில் படித்தவர், சிறுகதையில் பெரிய பெயர். 1938 கடைசியில் சிங்கப்பூர் வந்து 'சின் சியூ ஜிட் போ' நாளிதழின் இலக்கியப் பக்கத்தைக் கவனித்தார். ஆசிரியர் அவர்களே, உங்களைப் போல ஒரு பத்திரிகை ஆசிரியர், இதே ஊரில். லின் யூதாங் ஆங்கிலத்தில் எழுதிய பெரிய நாவலைச் சீனத்தில் பெயர்க்கும் பொறுப்பையும் ஏற்றிருந்தார். கொஞ்சம்தான் முடிந்தது, போர் வந்துவிட்டது. 1942 பிப்ரவரியில் படகேறி சுமத்ரா தப்பிப்போய், பாயகும்பு என்ற ஊரில் வேறு பெயரில் மது வடிக்கும் சிறு தொழில் நடத்திக்கொண்டு மறைந்து வாழ்ந்தார். அவருக்கு ஜப்பானிய மொழி தெரியும் என்பது எப்படியோ ஜப்பானிய ராணுவப் போலீசுக்குத் தெரிந்துபோயிற்று. ஆள் யாரென்று தெரியாமலே அவரை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைத்தார்கள்.

விசாரணை அறையில் ஜப்பானிய அதிகாரி ஒரு பக்கம், உயிர் பயத்தில் நடுங்கும் உள்ளூர்க்காரர் ஒரு பக்கம், நடுவில் இவர். உள்ளூர்க்காரர்கள் சொன்னதை அவர்களுக்கு ஆபத்து வராதபடி மாற்றிச் சொல்லிப் பலரைக் காப்பாற்றினார் என்று அவரோடு அங்கே இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கேட்டதைக் கேட்டபடி சொல்வேன் என்று கோர்ட்டில் உறுதிமொழி எடுத்து வேலை பார்த்தவள் நான். ஒரு சொல்லும் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது என்பது என் தொழில் தர்மம். நியாயமான நீதிமன்றத்தில்தான் அந்தத் தர்மத்துக்கு அர்த்தம் இருக்கிறது. யூ தாஃபூ உட்கார்ந்திருந்த அறையில் அவர் செய்ததுதான் சரி என்று முழு மனதோடு சொல்கிறேன். ஜப்பான் சரணடைந்த பிறகு, 1945 ஆகஸ்டு கடைசியில் ஒரு நாள் இரவு யாரோ வந்து கூப்பிட்டார்கள். போனவர் திரும்பவில்லை. நிறையத் தெரிந்த மொழிபெயர்ப்பாளரை அவர்கள் உயிரோடு விடவில்லை.

சரி, தமிழுக்கு வருகிறேன்.

சீனத்திலிருந்து நேராகத் தமிழுக்கு வந்ததே இல்லை என்று சொல்லமாட்டேன். பயணி என்ற பெயரில் எழுதும் ஸ்ரீதரன் மதுசூதனன் சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகுப்பிலிருந்து நேராகத் தமிழுக்குப் பெயர்த்துக் கொடுத்தார். அதைப் படித்தபோது குறுந்தொகையின் பக்கத்து வீட்டில் நிற்பது போலிருந்தது. இலங்கையில் கே. கணேஷ் சீன எழுத்தாளர் லூ சுன் கதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். தைவான் கவிஞர் யூசி குறளை மாண்டரினில் பெயர்த்தார். இவர்களுக்கெல்லாம் முன்னால் பாரதி. 1907இல் தலை வெட்டிக் கொல்லப்பட்ட சீனப் புரட்சிப் பெண் சியூ சின்னைப் பற்றிக் கட்டுரை எழுதி, அவர் பாட்டையும் தமிழில் பாடினான். வங்காளமும் பிரெஞ்சும் பார்த்த கண் சீனத்தையும் பார்த்தது. சீனமும் தமிழும் அன்றாடம் தோளுரசும் சிங்கப்பூரிலிருந்து இது நிறைய வந்திருக்கவேண்டும். வரவில்லை. நான்கு மொழியிலும் கவிதை போட்ட தொகுப்புகள் உண்டு. அதற்கு மேல் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

காரணம் கேட்டால், இரண்டு மொழியும் தெரிந்த ஆள் எங்கே என்பார்கள். இங்கேதான் சீனர்கள் எனக்கு வழி காட்டினார்கள். லின் ஷூ என்று ஒருவர், 1852இல் பிறந்தவர். அவருக்கு ஒரு வெளிநாட்டு மொழியும் தெரியாது. பிரான்சில் படித்துத் திரும்பிய நண்பர் ஒருவர் நாவலைப் பார்த்து வாயால் சொல்லச் சொல்ல, லின் ஷூ கேட்டுக்கொண்டே செம்மையான சீனத்தில் எழுதினார். 1899இல் அப்படி வந்த முதல் நாவல் படித்தவர்களையெல்லாம் அழவைத்தது. 1901இல் வேறொரு நண்பரோடு உட்கார்ந்து அமெரிக்க அடிமைகள் கதையான 'டாம் மாமாவின் குடிசை'யைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் சீனக் கூலிகளுக்கு நடக்கும் கொடுமையை நம் ஜனங்கள் உணரவேண்டும் என்பது அவர் வேகம். கடைசியில் ஏறக்குறைய 180 நூல்கள்! டிக்கன்ஸ் உட்பட. ஒருவருக்கு மொழி தெரியும், இன்னொருவருக்கு எழுதத் தெரியும், அது போதுமானதாக இருந்தது.

அதற்குப் பல நூற்றாண்டு முன்னால் பௌத்தத் துறவி குமாரஜீவர் சீனாவின் சாங்ஆன் நகரத்தில் பௌத்த சூத்திரங்களைப் பெயர்த்தபோதும் தனியாகச் செய்யவில்லை, சீனத் துறவிகள் கூட்டமாக உட்கார்ந்து எழுதினார்கள். பின்னால், சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்த்த யாங் சியானியும் அவர் ஆங்கில மனைவி கிளாடிஸும். யாங் வாயால் சொல்லிக்கொண்டே போவார், கிளாடிஸ் தட்டச்சு செய்து செப்பனிடுவார். 'சிவப்பு மாளிகைக் கனவு' என்ற சீனப் பெருநாவல் உலகத்துக்குக் கிடைத்த வழிகளில் அது ஒன்று. அந்தத் தம்பதியை மாவோவின் கலாசாரப் புரட்சிக் காலத்தில், 1968இல் சிறையில் போட்டார்கள், நான்கு வருடம் தனித்தனியாக. பால்சாக்கைச் சீனத்துக்குக் கொண்டுவந்த ஃபூ லெய் 1966 செப்டம்பரில், செங்காவலர்கள் என்ற மாவோவின் இளைஞர் படையினர் வீடு புகுந்து அவமானப்படுத்திய பின், மனைவியோடு உயிரை மாய்த்துக்கொண்டார். சம்ஸ்கிருதப் பேராசிரியர் ஜி சியான்லின் அந்தப் புரட்சிக் காலத்தில் மாணவர் விடுதி வாசலில் காவலுக்கு உட்கார வைக்கப்பட்டார். அங்கே உட்கார்ந்துகொண்டே, துண்டுத் தாள்களில் குறித்துக் குறித்து, வால்மீகி ராமாயணத்தைச் சம்ஸ்கிருதத்திலிருந்து சீனத்தில் பெயர்த்தார். அச்சாகும் என்ற நம்பிக்கையே இல்லாத காலம். 1980களில்தான் முழுசாக வெளிவந்தது. கம்பனைக் கொண்டாடும் நமக்கு இந்தக் காவல்காரர் யாரென்று தெரியவேண்டாமா?

இப்போது எங்கள் மேசை பற்றிச் சொல்கிறேன். எங்கள் புளோக்கில் ஓய்வுபெற்ற சீன ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். சிங்கப்பூரில் சீனர்கள் பணம் சேர்த்து எழுப்பிய நன்யாங் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அந்தப் பல்கலைக்கழகம் எப்படி எழுந்தது என்று அவர் சொல்லும்போது முகமே மாறிவிடும். தொழிலதிபர் டான் லார்க் சை 50 லட்சம் வெள்ளி கொடுத்தது எல்லாருக்கும் தெரியும். டிரைஷா மிதித்தவர்கள் தங்கள் ஒரு நாள் வருமானத்தைக் கொடுத்ததைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். நான் அவருக்குத் 'தமிழ் முரசு' ஆசிரியராக இருந்த கோ. சாரங்கபாணியைச் சொன்னேன். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக 'தமிழ் எங்கள் உயிர்' என்று அதே 1950களில் சாமானியர்களிடம் வெள்ளி வெள்ளியாகச் சேர்த்ததைச் சொன்னேன். இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் இது எனக்குத் தெரியாதே என்று அவர் வருத்தப்பட்டார்.

அந்தப் பேச்சில்தான் வேலை ஆரம்பித்தது. ஹு ஷியின் ஒரு சின்னக் கதை. எதையும் ஏறத்தாழ இருந்தால் போதும் என்று வாழும் ஒரு மனிதர். அம்மா பழுப்புச் சர்க்கரை வாங்கிவரச் சொன்னால் வெள்ளைச் சர்க்கரை வாங்கி வருவார். இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதானே. கடையில் கணக்கு எழுதும்போது பத்தை ஆயிரமாக எழுதுவார், சீன எழுத்தில் இரண்டுக்கும் ஒரு சின்னக் கோடுதான் வித்தியாசம். ரயில் எட்டரைக்கு, இவர் போய்ச் சேர்வது இரண்டு நிமிடம் கழித்து. ரயில் ஏன் இவ்வளவு கறாராக இருக்கவேண்டும் என்று வியப்பார். கடைசியில் நோய் வந்து கிடக்கும்போது, வீட்டார் அவசரத்தில் மனித வைத்தியர் வாங்குக்குப் பதிலாக மாட்டு வைத்தியர் வாங்கைக் கூட்டிவருகிறார்கள். இருவரும் ஏறத்தாழ ஒன்றுதானே என்று மனிதர் வைத்தியம் பார்த்துக்கொண்டு சாகிறார். செத்த பிறகு ஊர் அவரை மகானாகக் கொண்டாடுகிறது.

புளோக்குக்குக் கீழே உள்ள கல்மேசையில் காலையில் உட்காருவோம். அவர் முதலில் ஒரு பத்தியை மாண்டரினில் சத்தமாக வாசிப்பார். எனக்குப் பொருள் புரியாது, வேகம் புரியும், எங்கே நிற்கிறார் என்பது புரியும். பிறகு பாசார் மலாய் என்ற சந்தைப் பேச்சில் சொல்வார், பற்றாததற்குக் கொஞ்சம் ஆங்கிலம், கைச் சாடை. நான் கேள்வி கேட்பேன். இந்த ஆள் குண்டா ஒல்லியா, அம்மா திட்டும்போது கோபமா சலிப்பா, எழுத்தாளர் இவரை வெறுக்கிறாரா இரக்கப்படுகிறாரா. கோர்ட்டில் நான் இப்படிக் கேட்க முடியாது, மேசையில் கேட்கலாம். எங்களுக்கு நடுவிலும் மலாயும் ஆங்கிலமும் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் எழுதி முடித்து அச்சாகி உறைந்துபோன ஆங்கிலம் வேறு, கேட்டால் பதில் சொல்லும் மனிதர் வேறு.

நான் நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதி அவருக்கு வாசித்துக் காட்டுவேன். அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே கேட்பார். மாட்டு வைத்தியர் வருகிற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார். ஹு ஷி அங்கே மூன்று எட்டில் போய்விடுகிறார், நீங்கள் ஏன் இவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்றார். பார்த்தால், தமிழ் வாசகருக்குப் புரியவேண்டுமே என்று நான் அங்கே விளக்கம் சேர்த்திருந்தேன். எடுத்துவிட்டு மறுபடி வாசித்தேன். என் பேத்தி கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

நம் பிள்ளைகளுக்கு இடம் என்ற விஷயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். லூ சுன் எழுத்தாளரானது எப்படி? 1909இல் டோக்கியோவில் மாணவராக இருந்தபோது தம்பியோடு சேர்ந்து ரஷ்ய, கிழக்கு ஐரோப்பியக் கதைகளைச் சீனத்தில் பெயர்த்து இரண்டு சின்னத் தொகுதிகள் போட்டார். டோக்கியோவில் இருபது பிரதிகள் அளவில்தான் விற்றது. ஒன்பது வருடம் கழித்து 'பைத்தியக்காரனின் நாட்குறிப்பு' எழுதினார், நவீன சீனச் சிறுகதை அங்கே தொடங்குகிறது. தலைப்பே கோகோலிடமிருந்து எடுத்தது. அந்த இருபது பிரதி உழைப்பு இல்லாமல் இந்தக் கதை வந்திருக்குமா? சீனத்தை மூன்றாம் மொழியாகப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள். சீனப் பாலர் பள்ளிக்குப் போய் மாண்டரின் சரளமாகப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை ஒரு தமிழ் எழுத்தாளரோடு உட்கார வைத்தால் இருவருக்கும் எழுத்துப் பயிற்சிதான். இடம் வீணாகாது.

ஆகவே நான் கேட்பது இது. மாதம் ஒரு ஞாயிறு, அரைப் பக்கம் ஒதுக்குங்கள். சிங்கப்பூரில் சீனத்தில் எழுதியவர்களின், எழுதுகிறவர்களின் படைப்பு வரட்டும். ஆங்கிலப் பிரதியைப் பார்த்துச் செய்ததை வாங்காதீர்கள். சீனம் தெரிந்த ஒருவரும் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து செய்ததை வாங்குங்கள். இரண்டு பேர் பெயரையும் போடுங்கள், ஒரே எழுத்தளவில். மொழிபெயர்ப்பாளர் பெயரை அடியில் பொடி எழுத்தில் போடும் வழக்கத்தை நம் பத்திரிகைகள் விட்டுவிடவேண்டும். எல்லாரும் தலையிலிருந்து கால் வரை படிப்பதில்லை. அப்புறம், சீன நாளிதழின் இலக்கியப் பக்க ஆசிரியரோடு நீங்கள் பேசுங்கள். நம் சிறுகதை ஒன்று அவர்கள் பக்கத்தில் வரட்டும், அவர்கள் கட்டுரை ஒன்று நம் பக்கத்தில் வரட்டும். சீனப் புத்தாண்டுக்கு மட்டும் ஆரஞ்சுப் பழமும் சிங்க நடனமும் படம் போட்டால் போதாது.

ஹு ஷியின் கதையை இத்துடன் இணைத்திருக்கிறேன். வெளியிட்டால், மொழிபெயர்த்தவர்களில் என் பக்கத்து வீட்டுச் சீன ஆசிரியர் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. அடுத்ததாக, அந்தச் சீன ஆசிரியரே இளமையில் ரோச்சோர் கால்வாய்ப் பக்கம் வளர்ந்ததைப் பற்றி எழுதிய கட்டுரையை எடுத்திருக்கிறோம். அதில் வரும் தெருக்களுக்கெல்லாம் ஹொக்கியன்காரர்கள் வழங்கிய பெயர்களையே எழுதியிருக்கிறார். அதே தெருக்களை அந்தக் காலத் தமிழர்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று தெரியவேண்டும். சுண்ணாம்புக் கம்பம் எனக்குத் தெரியும். மற்றவை தெரிந்த பெரியவர்கள் உங்கள் அலுவலகத்துக்கு எழுதினால் எனக்கு அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
தோ பாயோ